கொத்தமல்லி வடிநீர் டோல்-4 வாங்கியைத் தூண்டுகிறதா?

பெப்ரவரி 11, இரவு 8.50. வெள்ளவத்தை

இறுதியாண்டு ஆய்வு. கொத்தமல்லி விதையைக் காய்ச்சி, 0.22 மைக்கிரோமீற்றர் வடியால் வடித்து, அந்த நீரை ரோ 264.7 என்ற பெருவிழுங்கிக் கலங்களின் மேல் 24 மணித்தியாலம் விட்டேன். புரதத்தை அளக்கும் எலைசாவில், அழற்சியைக் கிளப்பும் ரி.என்.எப். நன்றாக ஏறியிருக்கிறது. வடிநீரின் அளவைக் கூட்டக் கூட்ட ஏற்றமும் கூடுகிறது. கிருமியின் அடையாளத்தைக் கலத்தின் மேற்பரப்பில் உணரும் டோல்-4 வாங்கியை மறிக்கும் ரி.ஏ.கே.-242 சேர்த்தால் ஏற்றம் இல்லாமல் போகிறது. ஆகவே, கொத்தமல்லி டோல்-4 ஊடாகப் பிறவி நிர்ப்பீடனத்தைக் கூட்டுகிறது என்று எழுதலாம்தானே? தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதன் காரணம் இதுதான் என்றும் சேர்க்க நினைக்கிறேன்.

பெப்ரவரி 11, இரவு 10.15. தெமட்டகொடை

இப்போதைக்கு எழுத வேண்டாம், தங்கச்சி. நீங்கள் சொன்ன மூன்று பெறுபேறுகளையும் கொத்தமல்லி இல்லாமலே பெறலாம். விதையின் தோலில் இருந்த கிராம்-எதிர் பக்டீரியாக்களின் எல்.பி.எஸ். போதும். எல்.பி.எஸ். என்பது அவற்றின் வெளிமென்சவ்வில் இருக்கும் இலிப்போபல்சக்கரைட்டு, அதாவது எண்டோடொக்சின். அதைக் கண்டுபிடிக்கத்தான் டோல்-4 இருக்கிறது.

காய்ச்சினால் பக்டீரியா சாகும், எல்.பி.எஸ். சாகாது. 121 பாகை ஒட்டோகிளேவையும் அது பெரும்பாலும் தாங்கிவிடும். 0.22 வடி பக்டீரியாவைப் பிடிக்கும், எல்.பி.எஸ்.ஐ விட்டுவிடும். கண்ணாடிச் சாமான்களில் அதை அழிப்பதற்கு உலர் வெப்பம் 250 பாகையில் குறைந்தது 30 நிமிடம் வேண்டும். வடிநீரை அப்படிச் சுட முடியாது.

அளவையும் பாருங்கள். 1 எண்டோடொக்சின் அலகு என்பது ஏறக்குறைய 0.1 நனோகிராம் எல்.பி.எஸ். ரோ கலங்கள் மில்லிலீற்றருக்கு 1 நனோகிராமுக்கே தெளிவாக ரி.என்.எப். விடும், அதற்குக் கீழும் விடும். கண்ணுக்கும் நிறமானிக்கும் தெரியாத அளவு இது. கூடுதல் வடிநீர் விட்டால் கூடுதல் எல்.பி.எஸ்., ஆகவே கூடுதல் ரி.என்.எப். அளவோடு ஏறுவது கொத்தமல்லிக்குச் சாட்சி ஆகாது.

ரி.ஏ.கே.-242 பற்றி. அது வாங்கியின் உட்பகுதியில், 747ஆம் இடத்துச் சிஸ்ரீனில் ஒட்டிக்கொண்டு சமிக்ஞையை மறிக்கிறது. வாங்கியைத் தட்டியது யார் என்று அது பார்ப்பதில்லை. கொத்தமல்லி தட்டினாலும் மறிக்கும், எல்.பி.எஸ். தட்டினாலும் மறிக்கும். டோல்-4 இல்லாத எலியின் கலங்களில் செய்தாலும் இதே கதைதான். வாங்கி எது என்று அந்தப் பரிசோதனைகள் சொல்லும். தட்டியவர் யார் என்று சொல்லமாட்டா.

செய்ய வேண்டியது பொலிமிக்சின் பி என்ற மருந்தோடு ஒரு சோதனை. அது எல்.பி.எஸ்.இன் இலிப்பிட்டு-ஏ பகுதியைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும். மில்லிலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் சேர்த்து, வடிநீரோடு 30 நிமிடம் வைத்துவிட்டுக் கலங்களுக்கு விடுங்கள். ஏற்றம் விழுந்தால் அது எல்.பி.எஸ். விழாவிட்டால் கொத்தமல்லி.

பெப்ரவரி 12, காலை 6.20. தெமட்டகொடை

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். "விழாவிட்டால் கொத்தமல்லி" என்றது பிழை. பொலிமிக்சின் பிடிப்பது எல்.பி.எஸ்.ஐ மட்டும். பக்டீரியாவின் இலிப்போபுரதங்களை அது தொடாது, அவை டோல்-2 என்ற இன்னொரு வாங்கி ஊடாக ரி.என்.எப். ஏற்றும். எல்.பி.எஸ். மிகக் கூடுதலாக இருந்தாலும் பொலிமிக்சினைத் தாண்டி மிஞ்சியது வேலை செய்யும். ஆகவே "விழுந்தது" என்பது வலுவான விடை, "விழவில்லை" என்பது விடையே அல்ல.

கூடவே இரண்டு கட்டுப்பாடுகள் வையுங்கள். மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் எல்.பி.எஸ்., பொலிமிக்சினோடும் இல்லாமலும்: இது விழவேண்டும். பாம்-3-சி.எஸ்.கே.-4 என்ற செயற்கை இலிப்போபெப்ரைட்டு 100 நனோகிராம், அதுவும் அப்படியே: இது விழக்கூடாது. இரண்டாவதும் விழுந்தால் உங்கள் பொலிமிக்சின் கலங்களை நஞ்சாக்குகிறது என்று அர்த்தம்.

பெப்ரவரி 12, பகல் 1.05. கொட்டாஞ்சேனை

ஒரு இடையீடு. 24 மணித்தியாலம் ஏன்? ரி.என்.எப். முதல் சில மணித்தியாலங்களிலேயே வேகமாக வெளிவரும். 4 அல்லது 6 மணித்தியாலத்தில் ஒரு மாதிரி எடுங்கள். 24இல் பார்ப்பது தேங்கியது, கலங்கள் செத்துக் கசிந்தது, முதல் அலையால் எழுந்த இரண்டாம் அலை எல்லாம் கலந்த ஒன்று.

இன்னொன்று, காய்ச்சுவதற்கு எந்த நீர்? அயனகற்றிய நீரைக் கலனில் பிடித்து நாட்கணக்கில் வைத்திருந்தால், கொழும்பு வெக்கையில் அதற்குள்ளேயே கிராம்-எதிர் பக்டீரியா படலம் கட்டிவிடும். விதையைக் குறை சொல்ல முன் நீரைப் பாருங்கள். பாமசியில் விற்கும் ஊசிமருந்து கலக்கும் நீர் 10 மில்லிலீற்றர் குப்பிகளில் வருகிறது. அந்தத் தரத்துக்கு எல்லை மில்லிலீற்றருக்கு 0.25 எண்டோடொக்சின் அலகு. சின்னப் பரிசோதனைக்கு அதையே பாவிக்கலாம்.

பெப்ரவரி 12, இரவு 9.30. வெள்ளவத்தை

பொலிமிக்சின் கேட்டிருக்கிறேன், ஒரு கிழமையில் வருமாம். ஆனால் ஒன்று விளங்கவில்லை, அக்கா. டோல்-4 எல்.பி.எஸ்.ஐப் பிடிக்கிறது என்று பாடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. அப்படியென்றால் மனிதச் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த எச்.ஈ.கே.-293 கலங்களில் டோல்-4 மரபணுவை மட்டும் ஏற்றி எளிதாகப் பார்க்கலாமே?

பெப்ரவரி 12, இரவு 11.40. தெமட்டகொடை

டோல்-4ஐ மட்டும் ஏற்றினால் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு வரியில்தான் சிக்கல்.

எல்.பி.எஸ். நீரில் தனித்தனியாக மிதப்பதில்லை, கொழுப்புப் பகுதிகள் உள்ளே திரும்பத் திரளாகக் கிடக்கும். குருதித் தெளியத்திலுள்ள எல்.பி.பி. என்ற புரதம் அந்தத் திரளிலிருந்து மூலக்கூறுகளைக் கழற்ற உதவுகிறது. சி.டி.14 அதை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது. சி.டி.14க்குக் கலத்துக்குள் நீளும் வால் இல்லை. அது மென்சவ்வின் கொழுப்பில் ஒரு நங்கூரத்தால் தொங்குகிறது, ஆகவே இந்தச் சமிக்ஞையைத் தானாக உள்ளே அனுப்ப அதனால் முடியாது. வாங்கியதை எம்.டி.-2 என்ற சிறிய புரதத்திடம் கொடுக்கிறது. எம்.டி.-2 டோல்-4இன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பை.

அழகே இந்தப் பையில்தான் இருக்கிறது. ஈ. கோலையின் இலிப்பிட்டு-ஏயில் ஆறு கொழுப்புச் சங்கிலிகள். ஐந்து பைக்குள் போகின்றன, ஆறாவது வாயில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஆறாவதுதான் அடுத்த டோல்-4ஐத் தொட்டு இரண்டையும் சோடி சேர்க்கிறது. 2009இல் வெளிவந்த பளிங்குக் கட்டமைப்பு இதைக் காட்டியது. வெளியே சோடி சேர்ந்தால் உள்ளே வால்களும் சோடி சேரும், அங்கே சமிக்ஞையைக் கடத்தும் மை-டி-88 என்ற புரதம் வந்து கூடும், அதன் பின் ஐராக்-4 வரும், கடைசியில் மரபணுக்களை இயக்கும் என்.எப்.-கப்பா-பி கருவுக்குள் போய் ரி.என்.எப். மரபணுவை எழுப்பும்.

பிளேக் பக்டீரியா இந்த ஆறாவது சங்கிலியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. தெள்ளின் உடலிலுள்ள குறைந்த வெப்பத்தில் அதன் இலிப்பிட்டு-ஏயில் ஆறு சங்கிலிகளும் இருக்கும். மனித உடலின் 37 பாகைக்கு வந்ததும் பெரும்பாலும் நான்கு சங்கிலியோடு கட்டும். சோடி சேராது, எச்சரிக்கை மணி அடிக்காது.

எச்.ஈ.கே.-293இல் டோல்-4, எம்.டி.-2, சி.டி.14 மூன்றும் வேண்டும். தெளியமும் வேண்டும், எல்.பி.பி. அதில்தான் இருக்கிறது. தெளியமில்லாத ஊடகத்தில் செய்துவிட்டு "பதில் இல்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொரு கண்ணி: எச்.ஈ.கே.-293இல் இயல்பாகவே கொஞ்சம் டோல்-5 உண்டு. மாதிரியில் சவுக்குமுளைப் புரதமான பிளஜெலின் இருந்தால் வெறும் கலங்களே பதில் சொல்லும். மரபணு ஏற்றாத தாய்க் கலங்களை எப்போதும் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

பெப்ரவரி 13, காலை 7.10. தெமட்டகொடை

மேலே எழுதியது பாதிதான். டோல்-4 மேற்பரப்பில் ஒரு சமிக்ஞை அனுப்பிவிட்டு ஓய்வதில்லை. சி.டி.14 உதவியால் அது உள்ளிழுக்கப்பட்டு, கலத்துக்குள் உள்ள சிறுபைகளிலிருந்து ட்ரிஃப் என்ற இன்னொரு புரதம் வழியாக இரண்டாவது சமிக்ஞை அனுப்புகிறது. அதன் விளைவு வைரசை எதிர்க்க உதவும் இன்டர்பெரோன்-பீட்டா. ஒரே வாங்கி மேற்பரப்பில் நின்றால் ரி.என்.எப்., உள்ளே போனால் இன்டர்பெரோன். இரண்டையும் அளந்தால்தான் முழுப் படம்.

டோல்-1, 2, 5, 6 மேற்பரப்பில் நிற்பவை. டோல்-3, 7, 8, 9 உள்ளே நிற்பவை, அவை பார்ப்பது நியூக்கிளிக்கமிலத்தை. நம்முடைய சொந்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எப்போதும் கலத்துக்கு வெளியே சிதறிக்கொண்டே இருக்கிறது. அந்த வாங்கிகள் மேற்பரப்பில் நின்றிருந்தால் ஓயாமல் நம்மையே எதிரி என்று எண்ணும். எங்கே நிற்கிறது என்பதும் அடையாளம் காண்பதில் ஒரு பகுதி. குடற்சுவர்க் கலங்களைப் பாருங்கள், டோல்-5 பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. குடலுக்குள் கோடிக்கணக்கில் சவுக்குமுளைகள் நீந்தும், பரவாயில்லை. சுவரைத் தாண்டி அடிப்பக்கம் வந்தால்தான் மணி.

கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பவர்கள் பயப்படவேண்டாம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. குடலில் ஏற்கெனவே எல்.பி.எஸ். நிறைந்திருக்கிறது, ஒரு குவளையில் வரும் சிறிதளவு அங்கே கணக்கில் இல்லை. அதே அளவு நாளத்துக்குள் போனால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஊசிமருந்துகளுக்கு எல்லை ஒரு மணித்தியாலத்துக்கு, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 5 அலகு என்று வைத்திருப்பது அதனால்தான். முண்ணாண் பாய்பொருளுக்குள் ஏற்றுவதற்கு 0.2 அலகு.

பெப்ரவரி 14, மாலை 4.45. கொட்டாஞ்சேனை

எல்லோரும் டோலையே பேசுகிறீர்கள். மேற்பரப்பில் வேறு வாங்கிகளும் இருக்கின்றன, தாவரச் சாற்றுக்கு அவை முக்கியம். டெக்டின்-1 பங்கசுவின் சுவரிலுள்ள சீனிச் சங்கிலியான பீட்டா-குளூக்கனைப் பிடிக்கிறது. மனோசு வாங்கி சீனிச் சங்கிலிகளைப் பிடித்து விழுங்க உதவுகிறது, ஆனால் தனியாக ரி.என்.எப். எழுப்புவதில் பலவீனம். எப்.பி.ஆர்.-1 பக்டீரியாப் புரதங்களின் முனையிலுள்ள போர்மைல் மெதையோனினை மோப்பம் பிடித்து நடுநிலைநாடிகள் என்ற வெண்குழியங்களை அந்த இடத்துக்கு நடத்துகிறது. நம் இழைமணிகளும் அதே அடையாளத்தைச் சுமக்கின்றன, ஆகவே நசிந்த இழையத்துக்கும் நடுநிலைநாடிகள் கிருமியில்லாமலே ஓடிவரும்.

டெக்டின்-1இல் ஒரு நுணுக்கம். கரைந்த பீட்டா-குளூக்கன் அதில் ஒட்டும், ஆனால் எழுப்பாது. துணிக்கையாக வந்தால்தான் எழும்பும். துணிக்கை ஒட்டிய இடத்தில் மென்சவ்வு இறுகப் பொருந்தும்போது, சமிக்ஞையை அணைக்கும் சி.டி.45, சி.டி.148 ஆகிய பெரிய புரதங்கள் அந்த இடத்திலிருந்து விலகிவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் சமிக்ஞை நிலைக்கும். "பீட்டா-குளூக்கன் இருக்கிறது" என்று மட்டும் அச்சடித்த நிர்ப்பீடன மாத்திரைப் பெட்டியைக் கண்டால் முதற் கேள்வி, கரைந்ததா, துணிக்கையா என்பதே.

இதற்காக மதுவத்தின் சுவரிலிருந்து எடுக்கும் சைமோசானைக் கட்டுப்பாடாக எடுத்தால் கவனம். சாதாரண சைமோசான் டோல்-2, டெக்டின்-1 இரண்டையும் எழுப்பும். சூடான காரத்தில் கழுவியது டோல்-2ஐ விட்டுவிடும்.

பெப்ரவரி 14, இரவு 10.00. தெமட்டகொடை

கொட்டாஞ்சேனை சொன்ன பீட்டா-குளூக்கன் இன்னோர் இடத்திலும் குழப்பும். எண்டோடொக்சினை நேராக அளக்க லால் பரிசோதனை இருக்கிறது, குதிரைலாட நண்டின் குருதிக் கலங்களிலிருந்து எடுப்பது. அந்தச் சாற்றில் இரண்டு வாசல்கள். காரணி-சி எல்.பி.எஸ்.ஐப் பார்க்கும், காரணி-ஜி பீட்டா-குளூக்கனைப் பார்க்கும். தாவரச் சாற்றை அப்படியே போட்டால் குளூக்கனாலும் "எண்டோடொக்சின்" என்று பொய்யாகக் காட்டும். செயற்கையாகத் தயாரித்த காரணி-சி மட்டுமுள்ள பெட்டியை வாங்குங்கள், அல்லது குளூக்கனை மறிக்கும் தாங்கற்கரைசல் சேருங்கள்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். தாவரப் பொலிபீனோல்கள் நொதியங்களைத் தடுத்து, இருப்பதை இல்லையென்று காட்டலாம். ஆகவே தெரிந்த அளவு எல்.பி.எஸ்.ஐ வடிநீரில் சேர்த்து, அதில் 50 முதல் 200 வீதம் திரும்ப அளவிட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஐதாக்கி மறுபடியும்.

கட்டுப்பாட்டு எல்.பி.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. அது பிளாஸ்ரிக்கில் ஒட்டும். ஐதான கரைசலைக் கிழமைக்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சுவரோடு போய்விடும். மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் மூலக்கரைசலாக வைத்து, ஒவ்வொரு முறையும் நன்றாகச் சுழற்றிக் கலக்கி, அன்றைக்கே ஐதாக்குங்கள். மலிவான எல்.பி.எஸ்.இல் இலிப்போபுரதம் கலந்திருக்கும், அது டோல்-2ஐயும் தட்டும். மீளச் சுத்திகரித்த தரத்தை வாங்காவிட்டால் மேலே சொன்ன பொலிமிக்சின் கட்டுப்பாடு ஒழுங்காக விழாது.

பெப்ரவரி 15, காலை 11.20. தெமட்டகொடை

வேறு ஒன்று உறுத்துகிறது. ரோ 264.7 எலியின் கலம். எலியின் டோல்-4ம் மனிதரின் டோல்-4ம் ஒன்றல்ல. நான்கு சங்கிலியுள்ள இலிப்பிட்டு-4ஏ எலியில் தூண்டும், மனிதரில் தடுக்கும். எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைராவின் எல்.பி.எஸ்.ஐ எலியின் டோல்-4 காண்கிறது, மனிதரின் டோல்-4 காண்பதில்லை. நம்மில் அதைக் காண்பது டோல்-2. மழைக்குப் பிறகு வயலில் இறங்குபவர்களின் நோய்க்கு எலியை மாதிரியாக வைக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது. எலிக் கலத்தில் பார்த்ததை "மனித நிர்ப்பீடனம்" என்று எழுதாதீர்கள். மனிதக் குருதியின் வெண்குழிய வகையான ஒற்றைக்குழியங்களில் ஒருமுறையாவது செய்துபாருங்கள்.

ஆனால் எலியின்றி இந்த அறிவே வந்திருக்காது என்பதும் உண்மை. சி3எச்/எச்.ஈ.ஜே. என்ற எலியினம் எல்.பி.எஸ்.க்கு அசையாது. 1998இல் புரூஸ் போய்ட்லரின் குழு காரணத்தைக் கண்டது: டோல்-4இன் 712ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்ரிடீன். ஒரே ஓர் அமினோவமிலம். 1996இல் பழ ஈயில் டோல் இல்லாவிட்டால் பங்கசு கொன்றுவிடும் என்று ஜூல்ஸ் ஹோஃப்மனின் குழு காட்டியது. 1997இல் மனித டோலை மெட்சிட்டோவும் ஜேன்வேயும் கொண்டுவந்தனர். கிருமிகளின் பொது அடையாளங்களைக் காணும் வாங்கிகள் இருந்தே ஆகவேண்டும் என்று 1989இலேயே எழுதியவர் ஜேன்வே. போய்ட்லரும் ஹோஃப்மனும் 2011இல் நோபல் பெற்றபோது அவர் உயிரோடு இல்லை, 2003இல் காலமாகிவிட்டார். அவருடைய பெயரைப் பாடத்தில் சொல்லாமல் விடுவது எனக்கு மனம் வராத ஒன்று.

பெப்ரவரி 16, இரவு 8.10. கொட்டாஞ்சேனை

டெங்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. கொழும்பில் இருந்துகொண்டு அதை விடலாமா? வைரசு டி.சி.-சைன் என்ற வாங்கி, மனோசு வாங்கி இரண்டிலும் ஒட்டும், சி.எல்.ஈ.சி.-5ஏ என்ற வேறொரு வாங்கி ஊடாக அழற்சியைக் கிளப்பும். நாம் பரிசோதனைப் பட்டியில் தேடும் அதே வைரசுப் புரதமான என்.எஸ்.1 டோல்-4ஐத் தட்டி, குருதிக்கலன் சுவரைக் கசிய வைக்கிறது என்று 2015இல் இரண்டு ஆய்வுகள் வந்தன.

பெப்ரவரி 16, இரவு 9.25. தெமட்டகொடை

வந்தன, முக்கியமானவை. ஆனால் அங்கேயும் கொத்தமல்லிக் கேள்விதான் முதலில் எழும்: ஆய்வுகூடத்தில் தயாரித்த என்.எஸ்.1இல் எல்.பி.எஸ். ஒட்டியிருந்ததா? புரதத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கொதிக்க வைத்தால் புரதம் குலையும், எல்.பி.எஸ். குலையாது. கொதித்த பின் செயல் போனால் புரதத்துக்குச் சாதகம். தங்கச்சியின் வடிநீருக்கு இது உதவாது, அது ஏற்கெனவே கொதித்தது.

பெப்ரவரி 18, காலை 9.00. கொட்டாஞ்சேனை

சிறுவர் வைத்தியத்தில் இருப்பவர்களுக்காக, டோல் வாங்கிகளிலிருந்து வரும் இந்தச் சமிக்ஞைத் தொடர் அறுந்தால் என்ன ஆகும் என்பது. மை-டி-88 அல்லது ஐராக்-4 இல்லாத குழந்தைகளுக்கு நியூமோகொக்கசு, ஸ்ரபிலோகொக்கசு, சூடோமோனசு பக்டீரியாத் தொற்றுகள் திரும்பத் திரும்ப ஆபத்தாக வரும். காய்ச்சலும், குருதியில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் எதிர்பார்த்த அளவு ஏறாது, ஆகவே "பெரிதாக ஒன்றுமில்லை" என்று ஏமாந்துவிடலாம். பிறபொருளெதிரி அளவும் நிணநீர்க்குழிய எண்ணிக்கையும் பெரும்பாலும் சரியாக இருக்கும். வளர வளரத் தொற்று குறையும், முதல் சில ஆண்டுகளைத் தாண்ட வைப்பதுதான் சவால்.

விரைவுச் சோதனை: ஹெப்பாரின் குழாயில் எடுத்த குருதியை மில்லிலீற்றருக்கு எல்.பி.எஸ். 100 நனோகிராமோடு 37 பாகையில் 1 மணித்தியாலம் வையுங்கள். சாதாரண நடுநிலைநாடி மேற்பரப்பிலுள்ள சி.டி.62-எல் என்ற புரதத்தை உதிர்த்துவிடும், இந்தக் குழந்தைகளுடையது உதிர்க்காது. டோல் வாங்கியைத் தாண்டி நேரே கலத்தைத் தூண்டும் பி.எம்.ஏ. சேர்த்த கட்டுப்பாட்டில் இருவரும் உதிர்க்கவேண்டும். குருதியை அதே நாளில், அதிகம் குலுக்காமல் ஓடவிடுங்கள். தாமதமும் குலுக்கலும் தூண்டாமலே உதிர்க்கும். சுகமான ஒருவரின் குருதியும் அதே பயணம் செய்திருக்கவேண்டும்.

தொப்புள்கொடி மாதம் தாண்டியும் விழாத, வெண்குழியம் மிக உயர்ந்த, ஆனால் சீழ் கட்டாத குழந்தை என்றால் அது வேறு வாங்கி. வெண்குழியம் குருதிக்கலன் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் சி.டி.18 பாருங்கள்.

பெப்ரவரி 24, இரவு 7.35. வெள்ளவத்தை

பொலிமிக்சின் வந்தது. 6 மணித்தியால மாதிரியில் வடிநீரின் ஏற்றம் கிட்டத்தட்ட முழுவதும் விழுந்துவிட்டது. எல்.பி.எஸ். கட்டுப்பாடு விழுந்தது, பாம்-3 விழவில்லை. பெரிய மூலக்கூறுகளை மேலே நிறுத்தும் 10 கிலோடால்ற்றன் வடியால் பிரித்தும் பார்த்தேன். கீழே வடிந்ததில் ரி.என்.எப். இல்லை, மேலே தங்கியதில் இருக்கிறது. ஆய்வு வீணாகிவிட்டதா, அக்கா?

பெப்ரவரி 24, இரவு 10.50. தெமட்டகொடை

வீணாகவில்லை. எல்.பி.எஸ். திரளாக இருப்பதால் 10 கிலோடால்ற்றன் வடியில் மேலே தங்கும், கொத்தமல்லியின் சிறு மூலக்கூறுகள் கீழே போகும். ஆகவே உங்களிடம் இப்போது எண்டோடொக்சின் பெரும்பாலும் நீங்கிய வடிநீர் இருக்கிறது. கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்: அது ரி.என்.எப்.ஐ ஏற்றுகிறதா என்று பார்க்காமல், எல்.பி.எஸ். ஏற்றிய ரி.என்.எப்.ஐக் குறைக்கிறதா என்று பாருங்கள். ரி.என்.எப். ஏறுவது நன்மை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அதை மிகக் கூடுதலாக ஏற்றுவது எல்.பி.எஸ்.தான், குருதி நஞ்சாதலில் அதே ஏற்றம் ஆபத்தாகவும் முடியலாம்.

முதலில் விதையில்லாமல் வெறும் நீரை அதே பாத்திரத்தில், அதே நேரம் காய்ச்சி, அதே வடிகளால் வடித்து ஒரு வெறுமை மாதிரி வையுங்கள். கீழே வடிந்ததை லாலில் அளந்து மில்லிலீற்றருக்கு 0.1 அலகுக்குக் கீழ் என்று உறுதி செய்யுங்கள். கலங்களோடு 1 மணித்தியாலம் வைத்து, பிறகு எல்.பி.எஸ். 10 நனோகிராம், 6 மணித்தியாலத்தில் எலைசா. இன்னொரு தொகுதியில் எல்.பி.எஸ். விட முன் வடிநீரைக் கழுவி எடுத்துவிடுங்கள். கழுவிய பின்னும் குறைந்தால் மாற்றம் கலத்தில். கழுவியதும் விளைவு போய்விட்டால், வடிநீர் வெளியே எல்.பி.எஸ்.ஐயே பிடித்துவைத்திருக்கலாம்.

கலங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று உயிருள்ள கலம் ஊதாவாக்கும் எம்.ரி.ரி. சாயத்தால் மட்டும் பார்க்கவேண்டாம். தாவரப் பொலிபீனோல் எம்.ரி.ரி.யைத் தானே ஊதாவாக்கும், செத்த கலமும் உயிருள்ளதாகத் தெரியும். சேதமான கலத்திலிருந்து வரும் எல்.டி.எச். நொதியத்தின் கசிவையும் அளவிடுங்கள். கலங்களைக் கழற்றும்போது ரிப்சின் போடாதீர்கள், சி.டி.14 உட்பட மேற்பரப்பு வாங்கிகளை அது வெட்டிவிடும். குளிர்ந்த ஈ.டி.ரி.ஏ. கரைசலில் வைத்து மெதுவாகச் சுரண்டி எடுங்கள்.

பெறுபேறு வந்ததும் இதே இழையில் போடுங்கள், குறைந்தாலும் குறையாவிட்டாலும்.